ஒரே அடுப்புச் சூடு, மெழுகு உருகி ஓடுது, மண்ணு கல்லா இறுகுது... ஏன்?

அய்யம்பேட்டை_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ண கூட்டிக்கிட்டு சுவாமிமலை போயிருந்தேன், கோயில்ல சாமி கும்பிட்டுட்டு அப்படியே கீழ ஒரு சிலை செய்யிற பட்டறைக்கும் போய் பாத்துட்டு வந்தோம். அவ ஒம்பதாவது படிக்கிறா. அங்க மெழுகுலயே ஒரு சின்ன நடராஜர் செஞ்சு வச்சிருந்தாங்க, விரல் நகம் வரைக்கும் அவ்வளவு நேர்த்தி. அது மேல மண்ணப் பூசி காய வச்சு வரட்டி அடுக்கி சுடுவாங்களாம், உள்ள இருக்குற மெழுகு உருகி வெளிய ஓடிடும், மேல இருக்குற மண்ணு கெட்டியாயிடும், அந்த காலி இடத்துல உலோகத்த உருக்கி ஊத்துவாங்களாம். இத கேட்டதுலேர்ந்து அவளுக்கு ஒரே கேள்வி.

"ஒரே அடுப்புதானேம்மா, மெழுகு உருகுதுன்னா மண்ணு மட்டும் ஏன் உருகாம இறுகுது? திடப்பொருள சூடாக்கினா திரவம் ஆகும், திரவத்த சூடாக்கினா வாயு ஆகும்னுதானே புக்குல போட்டிருக்கு, மண்ணும் திடப்பொருள்தானே?" அப்படிங்கறா. வீட்டுக்கு வந்தும் விடல, அடுப்படில நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணா பாக்குறா. நெய் இளகுது, முட்டை கெட்டியாவுது, வெல்லம் பாகாகுது, அரிசி ஊதுது, கற்பூரம் டப்பாக்குள்ள சும்மா வச்சதே குறைஞ்சு போவுது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நடக்குதே, இதுக்கெல்லாம் சேத்து ஏதாவது ஒரு காரணம் இருக்கான்னு கேக்குறா. நான் படிச்சது பிகாம், எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன், அவளுக்கு பத்தல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொன்னீங்கன்னா அவளுக்கு படிச்சு காட்டுவேன்.

குடந்தை_பையன்:

அக்கா ரொம்ப சிம்பிள், எல்லாம் மெல்டிங் பாயிண்ட்தான். மெழுகுக்கு அது கம்மி, மண்ணுக்கு ரொம்ப ஜாஸ்தி. வரட்டி சூட்டுல மெழுகு உருகிடும், மண்ணு உருகற அளவுக்கு அந்த சூடு போகாது, அவ்வளவுதான்.

அய்யம்பேட்டை_அக்கா:

தம்பி, அதையேதான் நானும் சொன்னேன். "உருகலன்னா அப்படியே இருக்கணும்ல, ஏன் முன்னைவிட கெட்டியாகுது? சுடறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தினா கரையற மண்ணு சுட்டதுக்கு அப்புறம் ஏன் கரைய மாட்டேங்குது?"ன்னு திருப்பி கேட்டுட்டா.

வண்டல்மண்:

நான் சுவாமிமலை பட்டறையிலதான் வேலை பாக்குறேன், படிப்புல சொல்ற காரணத்த வாத்தியாருங்க யாராவது சொல்லட்டும், கையில பட்டு தெரிஞ்சத நான் சொல்றேன். பாப்பா கேட்டது நல்ல கேள்வி, எங்க தொழிலே அந்த வித்தியாசத்துலதான் ஓடுது. மெழுகு, மண்ணு, உலோகம் மூணும் சூட்டுக்கு ஒரே மாதிரி நடந்துக்கிட்டா ஒரு சிலையும் வார்க்க முடியாது.

மொதல்ல மெழுகு. நாங்க வெறும் தேன்மெழுகு எடுக்கறதில்ல, அதோட குங்கிலியமும் (ஒரு மரப்பிசின்) கொஞ்சம் கடலெண்ணெயும் சேத்து காய்ச்சி வடிகட்டுவோம். தேன்மெழுகு உருகுறது 62, 64 டிகிரி பக்கம், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே இளக ஆரம்பிச்சுடும், சித்திரை வெயில்ல கை நீட்டின மாதிரி செஞ்சு வச்ச உருவம் சாயங்காலத்துக்குள்ள கைய தொங்கப் போட்டுடும். அதனால கோடையில எண்ணெய குறைச்சு குங்கிலியத்த கூட்டுவோம், பனிக்காலத்துல எண்ணெய கொஞ்சம் கூட்டுவோம், இல்லன்னா வளைக்கும்போதே பட்டுனு ஒடிஞ்சுடும். செஞ்ச பாகத்த எல்லாம் தண்ணியில போட்டு வச்சுக்கிட்டுதான் வேலை நடக்கும், தேவைப்படற எடத்த மட்டும் சூடு காட்டி ஒட்டுவோம்.

அப்புறம் மண்ணு. இதுக்குத்தான் காவேரி வண்டல் வேணும்ங்கறது. மொத பூச்சு ரொம்ப மெல்லிசான வண்டல், அதுல உமிக்கரிய நைசா அரைச்சு சேப்போம். இந்த பூச்சுதான் மெழுகுல இருக்குற நகம், நெத்திப்பொட்டு, மாலையில இருக்குற பூ எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கறது. அது நிழல்ல காயணும், வெயில்ல வச்சா மேல்புறம் மட்டும் சட்டுனு காஞ்சு சுருங்கி வெடிப்பு விட்டுடும். அதுக்கு மேல களிமண்ணுல மணல் கலந்து அடுத்த பூச்சு, அது காஞ்சதும் இன்னொண்ணு, சிலை பெருசா இருந்தா இரும்புக் கம்பி வச்சு கட்டுவோம். மணல் எதுக்குன்னா களிமண்ணு காயக் காய சுருங்கும், மணல் சுருங்காது, ரெண்டும் கலந்தா வெடிப்பு வராம நிக்கும். உமிக்கரி இருந்தா மண்ணுல கண்ணுக்கு தெரியாத தொளை இருக்கும், ஊத்தும்போது உள்ள மாட்டிக்கிற காத்தும் ஆவியும் அது வழியா போயிடும்.

அடுப்புல வரட்டி அடுக்கி சுடும்போது மெழுகு ஓட்டை வழியா ஒழுகிடும். அத வீணாக்கறதில்ல, பிடிச்சு வச்சுக்குவோம். ஊத்தறதுக்கு எவ்வளவு உலோகம் வேணும்ங்கற கணக்கும் மெழுகோட எடையிலதான் இருக்கு, ஒரு கிலோ மெழுகுன்னா எட்டு ஒம்பது மடங்கு உலோகம். பாப்பாவுக்கு சொல்லுங்க, மெழுகு தண்ணிய விட லேசு, உலோகம் தண்ணிய விட எட்டு மடங்குக்கு மேல கனம், அதுலேர்ந்து வர்ற கணக்கு அது.

உருக்கும்போதுதான் சூட்டோட வேடிக்கை பாக்கணும். மூசையில (உலோகம் உருக்கற பாத்திரம்) மொதல்ல செம்பு. செம்பு இளக 1085 டிகிரி வேணும். பித்தளைய பின்னாடிதான் போடுவோம், ஏன்னா பித்தளைக்குள்ள துத்தநாகம் இருக்கு, துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும். செம்பு உருகறதுக்கு வேண்டிய சூட்டுல துத்தநாகம் நிக்கவே நிக்காது, பச்சையும் வெள்ளையுமா சுடர் விட்டு எரிஞ்சு வெள்ளப் பஞ்சு மாதிரி பொகையா போகும். அந்த பொகைய மூக்குல ஏத்திக்க கூடாது, காய்ச்சல் வந்துடும். காரீயம் உருகறதே அதுக்கும் ரொம்ப கீழ, 327 டிகிரியில. அது செம்போட முழுசா கரையாது, ஆறினப்புறம் உள்ள துளித்துளியா நிக்கும், ஆனா அது இருந்தாத்தான் உலோகம் இழஞ்சு ஓடும், அப்புறம் உளி வச்சு செதுக்கவும் இளக்கமா இருக்கும். வெள்ளியும் தங்கமும் வேண்டுதலுக்குன்னு துளி சேக்கறதுதான்.

முக்கியமான ஒண்ணு, ஊத்தும்போது அச்சும் சூடாவே இருக்கணும். ஆறின அச்சுல ஊத்தினா உலோகம் விரல் நுனிக்கு போறதுக்குள்ள உறைஞ்சுடும். அதவிட ஆபத்து ஈரம். அச்சுக்குள்ள துளி ஈரம் இருந்தாலும் உலோகம் பட்ட நிமிஷம் ஆவியாகி மொத்தமும் மேல தெறிக்கும். அதனால பட்டறையில எல்லாரும் உலையவிட ஈரத்துக்குத்தான் பயப்படுவோம். ஆறும்போது உலோகம் சுருங்கவும் செய்யும், அதுக்காகத்தான் ஊத்துற வழியிலயும் உலோகம் நெறஞ்சு நிக்கணும், உள்ள சுருங்கச் சுருங்க மேலேர்ந்து எறங்கி நெரப்பும்.

வாத்தியார்_மாயவரம்:

வண்டல் தம்பி சொன்னத படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சு. இத அப்படியே பள்ளிக்கூடத்துல பாடமா வைக்கலாம். நான் வேதியியல் எடுத்து ரிட்டயர் ஆனவன், பாப்பாவோட "ஏன்"க்கு நான் வர்றேன்.

குடந்தை தம்பி சொன்னது பாதி சரி. மண்ணும் உருகும், அது உண்மைதான். நம்ம பக்கம் செங்கல் சூளைய பிரிக்கும்போது பாருங்க, தீ வாய்க்கு ஒட்டின கல்லு சிலது கருத்து, பளபளன்னு கண்ணாடி பூசின மாதிரி ஆகி பக்கத்து கல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அது மண்ணு உருக ஆரம்பிச்ச அடையாளம். ஆனா உருகறதுக்கு ரொம்ப முன்னாடி மண்ணுக்குள்ள வேற ஒரு வேலை நடந்து முடிஞ்சுடுது, பாப்பா கேக்கறது அதத்தான்.

மண்ணுல ரெண்டு விதமா தண்ணி இருக்கு. ஒண்ணு நாம பிசையும்போது ஊத்தின தண்ணி, களிமண்ணோட மெல்லிசு தகடுகளுக்கு நடுவுல நின்னு அத வழுக்க வைக்கிறது. அது காயும்போதும் 100 டிகிரி தாண்டும்போதும் போயிடும். இந்த அளவுல நிறுத்திட்டு தண்ணியில போட்டீங்கன்னா மண்ணு மறுபடி கரைஞ்சு சேறாயிடும், ஒண்ணும் நடக்கல. இன்னொண்ணு தண்ணியாவே தெரியாது, களிமண்ணோட அமைப்புக்குள்ளயே ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமா கட்டுண்டு கிடக்கும். அது வெளிய வர 450லேர்ந்து 600 டிகிரி வரைக்கும் சூடு வேணும். அது போன உடனே தகடுகளோட அமைப்பே கலைஞ்சு வேற பொருளாயிடுது. அதுக்கு மேல சூடு ஏறினா மண் துகளுங்களோட ஓரங்கள் மட்டும் இளகி ஒண்ணோட ஒண்ணு பத்திக்கும். இனிமே எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது பழைய களிமண் ஆகாது. பானை சிவப்பாகறதும் அங்கதான், மண்ணுல இருக்குற இரும்பு காத்தோட சேந்து சிவப்பாகுது, அதே பானைய காத்து போகாம மூடி பொகையில சுட்டா கருப்பா வரும்.

ஆக அந்த அச்சுக்குள்ள மெழுகுக்கு நடந்ததும் மண்ணுக்கு நடந்ததும் ஒரே வகை காரியமே இல்ல. மெழுகு உருகி ஓடி ஆறினா மறுபடி அதே மெழுகு, துணுக்குங்க (மூலக்கூறுங்க) எடம் மாறி நின்னுச்சே தவிர ஒவ்வொரு துணுக்கும் பழைய துணுக்குதான். மண்ணுல துணுக்கே மாறிப்போச்சு. பாப்பா அடுப்படியில பாத்த ஒவ்வொண்ணையும் இந்த ஒரு கேள்விய வச்சு பிரிச்சு பாக்கச் சொல்லுங்க: ஆற வச்சா பழையபடி வருமா, வராதா? நெய் வரும், தேங்காயெண்ணெய் வரும் (அது 24, 25 டிகிரியிலயே உருகறதால மார்கழில உறைஞ்சு தைக்கு அப்புறம் இளகுது). முட்டை வராது. முட்டையில இருக்குற புரதம் நூல்கண்டு மாதிரி சுருட்டி வச்ச நீள இழை, 60 டிகிரி தாண்டினா அந்த சுருட்டல் அவிழ்ந்து பக்கத்து இழையோட சிக்கிக்கும், சிக்கினத பிரிச்சு திரும்ப சுருட்ட ஆறின சூட்டுக்கு வழி தெரியாது. அரிசியும் வராது, அதுல இருக்குற மாவுச்சத்து 70 டிகிரி பக்கத்துல தண்ணிய உள்ள இழுத்து ஊதி குழைஞ்சுடுது.

வெல்லம் கொஞ்சம் ஏமாத்தும். பாகுல வெல்லம் உருகறதா நெனைக்கிறோம், நடக்கறது கரைசல்லேர்ந்து தண்ணி கொறையறது. தண்ணி கொறையக் கொறைய கொதிக்கிற சூடு 100ஐ தாண்டி ஏறிக்கிட்டே போகும், கம்பிப் பாகு, உருட்டுப் பாகுன்னு வீட்டுல பாக்குற பதம் எல்லாம் இன்னும் எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்குன்னு விரலால அளக்கறதுதான். இன்னும் விட்டா கருகிடும், அப்போ அது மண்ணு கட்சிக்கு போயிடுது.

கற்பூரம் உருகாமலே ஆவியாகற சாதி, சாதாரண சூட்டுலயே போயிக்கிட்டு இருக்கும், அதனாலதான் டப்பாவ இறுக்கி மூடறோம்.

எல்லாத்துக்கும் சேத்து ஒரே காரணம் கேட்டாளே, அது இதுதான். சூடு எல்லா பொருள்லயும் ஒரே வேலையத்தான் செய்யுது, துணுக்குகள வேகமா ஆட்டுது. அந்த ஆட்டத்துல மொதல்ல எந்த பிடி விடுதுங்கறதுலதான் வித்தியாசம். மெழுகுல துணுக்குக்கும் துணுக்குக்கும் நடுவுல இருக்குற பிடி ரொம்ப லேசு, அது மொதல்ல விடும், அதனால உருகுது. செம்புல அந்த பிடி பலமா இருக்கு, ஆயிரம் டிகிரி தாண்டணும். இரும்புக்கு 1538. பழைய குண்டு பல்புல இருக்குற டங்ஸ்டன் கம்பிக்கு 3400க்கு மேல. மரத்துல, முட்டையில, மாவுல துணுக்குகளே பெருசு பெருசா இருக்கு, அதுங்க ஒண்ண விட்டு ஒண்ணு வெலகி ஓடறதுக்கு முன்னாடியே துணுக்கு தனக்குள்ள மாறிடும் இல்லன்னா ஒடைஞ்சுடும். அதனாலதான் மரம் உருகி யாரும் பாத்ததில்ல, அது கரியாத்தான் ஆகும்.

ரசப்பொடி_மாமி:

வாத்தியார் சார், ரொம்ப நன்னா புரிஞ்சுது. கும்பகோணத்துல இருந்துண்டு ஈயச்சொம்பப் பத்தி யாரும் சொல்லலையேன்னு நான் வந்தேன். இது பொண்ணுக்கு கட்டாயம் காட்டணும்.

ஈயச்சொம்பு வெள்ளீயம், அது 232 டிகிரியிலயே உருகிடும். நம்ம கேஸ் அடுப்பு ஜ்வாலை ஆயிரம் டிகிரிய சுலபமா தாண்டும். அப்படியும் அதுல தெனம் ரசம் வைக்கறோமே, எப்படின்னு அவளை யோசிக்கச் சொல்லுங்கோ. உள்ள ரசம் இருக்கற வரைக்கும் அது 100 டிகிரிக்கு மேல போகவே போகாது, குடுக்கற சூட்டையெல்லாம் தண்ணி ஆவியா கொண்டு போயிடும், சொம்போட சுவரும் அதை ஒட்டியேதான் இருக்கும். அதே சொம்பு காலியா அடுப்புல இருந்தா கண்ண மூடி தெறக்கறதுக்குள்ள அடி ஒழுகிடும். எங்க மாமியார் ஒரு வழக்கம் வச்சிருந்தா, மொதல்ல சொம்புல புளித்தண்ணி, அப்புறந்தான் அடுப்பு பத்த வைக்கணும், எறக்கும்போது மொதல்ல அடுப்ப அணைக்கணும், அப்புறந்தான் சொம்ப தொடணும். நானும் அப்படியேதான் செய்யறேன். தீயும் பக்கவாட்டுல ஏறப்படாது, ரசம் இல்லாத மேல் பாகத்துல ஜ்வாலை பட்டா அங்க மட்டும் இளகிடும்.

வாங்கறச்சே காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயமான்னு நம்பகமான கடையில கேட்டு வாங்குங்கோ. காரீயம் விஷம், புளி பட்டா எறங்கும்.

அப்புறம் ஈயம் பூசறவர் தெருவுல வந்தா பொண்ண பக்கத்துல நிக்க வச்சு காட்டுங்கோ. பித்தளை பாத்திரத்த சூடாக்கி நவச்சாரத்த (ஒரு வெள்ளை உப்பு) தூவுவார், அது உருகாம நேரா வெள்ளப் பொகையா எழும்பும், பாத்திரத்துல இருக்கற களிம்பையும் எடுத்துண்டு போயிடும், ஒடனே ஈயத்த ஒரு கோடு இழுத்து துணியால சுத்தி தேய்ப்பார், வெள்ளி மாதிரி பரவும். பித்தளை அசையாது, ஈயம் தண்ணியாறது, நவச்சாரம் பொகையாறது, ஒரே பாத்திரத்துல மூணும். இப்போ அவா வர்றது ரொம்ப கொறைஞ்சு போச்சு, எனக்கு அது பெரிய வருத்தம்.

கல்சட்டி வேற மாதிரி. அது சூடாக நேரம் எடுத்துக்கும், ஆனா அடுப்ப அணைச்சப்புறமும் வத்தக்குழம்பு கொதிச்சுண்டே இருக்கும். புதுச் சட்டிய எடுத்த எடுப்புல பெரிய தீயில வச்சா விரிஞ்சுடும், எண்ணெய் மஞ்சள் தடவி, சூடா வடிச்ச கஞ்சி விட்டு கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்.

வாத்தியார்_மாயவரம்:

மாமி, இதுல ஒண்ணு சேத்துக்கறேன். வெள்ளீயம் 232, காரீயம் 327, ரெண்டையும் கலந்தா நடுவுல எங்கயோ உருகும்னுதான் யாரும் நெனைப்பாங்க, ஆனா 63 பங்கு வெள்ளீயத்துல 37 பங்கு காரீயம் கலந்தா 183 டிகிரியிலயே உருகிடும், ரெண்டுக்கும் கீழ. ரேடியோ ரிப்பேர் கடையில பத்தவைக்கிற சால்டர் அதுதான். தம்பி பட்டறையிலயும் செம்போட மத்தது சேரச் சேர செம்பு தனியா உருகற சூட்டைவிட கொறைஞ்ச சூட்டுலயே கலவை ஓடும். கல்சட்டி விரிசல் விடறதுக்கு காரணம், கல்லு சூட்டை மெதுவா கடத்தும், அடிப்பக்கம் சூடாகி விரிய பாக்கும், மேல்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், ரெண்டும் இழுத்துக்கிட்டா வெடிப்புதான். செம்பு எவர்சில்வர் ஸ்டீலைவிட இருபது மடங்குக்கு மேல வேகமா கடத்தும், அதனால அதுல இந்த இழுபறி வராது.

அய்யம்பேட்டை_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வரி வரியா படிச்சு நோட்டுல எழுதி வச்சிருக்கா. வருமா வராதான்னு பக்கத்துக்கு ரெண்டு பத்தியா பிரிச்சிட்டா. இப்போ அடுத்த கேள்வி. சூடானா கல்லு விரிய பாக்கும்னு சார் சொன்னாரு, அப்படின்னா எங்க ஊர் காப்புக்கட்டுல தப்பு (பறை) அடிக்கிறவங்க வைக்கோல் தீயில தப்ப காட்டி காய்ச்சினா தோலு விரிஞ்சு தொய்யணும்ல, ஏன் விறைக்குது?

ஐயாறு_நாதம்:

அருமையான கேள்வி. நான் திருவையாறு, வீட்டுல எல்லாரும் வாத்தியம். இசைக்கருவிங்க கிட்ட சூட்டுக்கு ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா நடக்கறது தெனமும் பாக்குறோம்.

வீணைய எடுத்துக்கங்க. தஞ்சாவூர் வீணையில 24 மெட்டும் (விரலால தந்திய அழுத்துற கட்டைங்க) மெழுகுலதான் உக்காந்திருக்கு, தேன்மெழுகோட குங்கிலியமும் கரியும் சேத்த மெழுகு, அதாவது சுவாமிமலை தம்பி சொன்ன அதே சங்கதிதான் இங்கயும். வீணைய வெயில்பட்ட கார்ல விட்டுட்டா மெழுகு இளகி மெட்டு நகர்ந்துடும், அப்புறம் மேளம் கட்டுறவர்கிட்ட (மெட்டு வைக்கிறவர்) கொண்டுபோய் ஒவ்வொரு ஸ்வரமா கேட்டு மறுபடி உக்கார வைக்கணும். அது ஒரு பக்கம். தந்தி இன்னொரு பக்கம், கம்பி சூட்டுல நீளும், மரம் நீளவாக்குல அந்த அளவுக்கு நீளாது, அதனால கம்பி தொய்ஞ்சு சுருதி எறங்கும்.

நாகஸ்வரம் அப்படியே தலைகீழ். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடையறாங்கல்ல, அந்த மரம் சூட்டுல நீளறது கணக்குலயே வராது. ஆனா உள்ள இருக்குற காத்து சூடாகும்போது அதுல ஒலி போற வேகம் கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் செகண்டுக்கு சுமார் 0.6 மீட்டர். காலையில 25 டிகிரியில ஆரம்பிச்சு பகல் 35 டிகிரியில வாசிச்சா செகண்டுக்கு 6 மீட்டர் கூடியிருக்கும், சுருதி கால் ஸ்வரத்துக்கும் கிட்ட மேல போயிடும். ஒரே மண்டபத்துல ஒரே வெயில்ல வீணை எறங்குது, நாகஸ்வரம் ஏறுது. வாசிக்கறவங்க சீவாளிய (வாயில வச்சு ஊதுற பாகம்) மாத்தியும் உதட்டாலயும் அத சரி பண்றாங்க, கேக்கறவங்களுக்கு தெரியாது.

தப்பு விஷயம் சார்தான் சொல்லணும், எனக்கு தெரிஞ்சது பனியில தொய்யும், தீ காட்டினா கணீர்னு ஆகும். ரொம்ப கிட்ட காட்டினா தோலு கெட்டுப்போயிடும்.

வாத்தியார்_மாயவரம்:

தப்புல ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்குது. சூடு தோல விரிக்கத்தான் பாக்கும், ஆனா அது ரொம்ப கொஞ்சம். அதே சூடு தோலுக்குள்ள ஊறி நிக்கற ஈரத்த வெளிய தள்ளுது, ஈரம் போனா தோல் நல்லாவே சுருங்கும். சுருக்கம் ஜெயிக்குது, வளையத்துல இழுத்து கட்டியிருக்கறதால விறைச்சு கணீர்னு வருது. அதனாலதான் கொஞ்ச நேரம் பனியில வச்சா திரும்ப ஈரத்த குடிச்சு தொய்யும். ரொம்ப கிட்ட காட்டினா தோலோட புரதமே சுருண்டுடும், அது முட்டை கதை, திரும்பாது.

நெஜமாவே சூட்டுல சுருங்கற பொருளும் உண்டு. ஒரு தடிமனான ரப்பர் பேண்டுல ஏதாவது கனத்த கட்டி தொங்கவிட்டு ஹேர் டிரையர் காத்த காட்டச் சொல்லுங்க, கனம் மேல ஏறும். இழுத்து வச்ச ரப்பருல நீட்டிப் பிடிச்ச இழைங்க ஆட்டம் கூடினா சுருண்டுக்கத்தான் பாக்கும்.

மன்னார்குடி_மிராசு:

எல்லாரும் பட்டறையும் பாட்டும் பேசிட்டீங்க, வயல விட்டுட்டீங்களே. நெல்லு அவிக்கறத பாப்பாவுக்கு காட்டலன்னா டெல்டாவுல பொறந்து என்ன.

ஊற வச்ச நெல்ல ஆவியில அவிச்சா உமி வாய் பிளக்கும், உள்ள மாவு குழைஞ்சு அரிசியில இருந்த நுண்ணிய வெடிப்பெல்லாம் மூடிக்கும், அத காய வச்சா பச்சரிசிய விட கடினமா ஆயிடும், மில்லுல நொய் கொறையும். தவிட்டுல இருக்குற சத்து கொஞ்சம் உள்ளயும் எறங்கும். ஆனா காய வைக்கிறது பக்குவமா செய்யணும், களத்துல உச்சி வெயில்ல ஒரேயடியா போட்டா மேல காஞ்சு உள்ள ஈரமா நின்னு அரிசி விரிஞ்சுடும். தம்பி மண்ண நிழல்ல காய வைக்கிறேன்னாரே, அதே சங்கதி. கொஞ்சம் காஞ்சதும் அம்பாரம் கூட்டி மூடி வச்சு, உள் ஈரம் வெளிய வந்தப்புறம் மறுபடி பரப்பணும்.

அதே புழுங்கலரிசிய உப்புத்தண்ணி தெளிச்சு கொதிக்கிற மணல்ல போட்டா பொரியா வெடிக்குது. உள்ள மிச்சம் இருக்குற துளி ஈரம் சட்டுனு ஆவியாகி அரிசிய ஊதித் தள்ளுது. தம்பி அச்சுல ஈரம் இருந்தா தெறிக்கும்னாரு, பொரிக்காரருக்கு அந்த தெறிப்புதான் பொழப்பு. வேதாரண்யத்து கல்லுப்ப சட்டியில போட்டா பட்பட்னு வெடிக்கறதும் உள்ள மாட்டிக்கிட்ட தண்ணியாலதான், உப்பு உருகணும்னா 801 டிகிரி வேணும், அது எந்த சட்டியிலயும் நடக்காது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். மாட்டுவண்டி சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏத்தறது. பட்டைய சக்கரத்த விட கொஞ்சம் சின்னதாவே அடிப்பாங்க, சுத்தி வரட்டி போட்டு சிவக்கச் சுட்டு, இடுக்கியால தூக்கி மரத்து மேல எறக்கி, மரம் பொகைய ஆரம்பிக்கும்போதே தண்ணிய ஊத்திடுவாங்க. அஞ்சடி சக்கரத்துக்கு 500 டிகிரி ஏத்தினா பட்டையோட குறுக்களவு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கூடும், ஆறினதும் அவ்வளவும் திரும்ப சுருங்கி ஆரக்கால் எல்லாத்தையும் குடத்தோட (சக்கரத்து நடுக்கட்டை) இறுக்கிடும். ஆணி கூட பேருக்குத்தான்.

அய்யம்பேட்டை_அக்கா:

மண்ணு விஷயத்த மட்டும் அவளே செஞ்சு பாக்கணும்ங்கறா சார், வீட்டுலயே முடியுமா?

வாத்தியார்_மாயவரம்:

தாராளமா. களிமண்ணுல கோலிக்குண்டு அளவுக்கு உருண்டைங்க உருட்டி நல்லா நிழல்ல காய வைக்கச் சொல்லுங்க. சிலத அப்படியே வச்சுக்கட்டும், சிலத வீட்டு அடுப்புல வெறும் சட்டியில வறுக்கட்டும், மிச்சத்த பானை செய்யறவங்க சூளை போடும்போது குடுத்து சுட்டு வாங்குங்க. மூணையும் தனித்தனி டம்ளர் தண்ணியில போட்டு மறுநாள் பாக்கட்டும். காஞ்சது கரைஞ்சிருக்கும், வறுத்ததும் அனேகமா கரைஞ்சிருக்கும், ஏன்னா அந்த சட்டிச் சூடு 450ஐ தொடாது. சூளை உருண்டை அப்படியே கிடக்கும்.

வண்டல்மண்:

அக்கா, உருண்டைய கோலி அளவுக்கு மேல பெருசாக்க வேணாம், உள்ள ஈரம் நின்னுடும். மண்ணு எடுக்கும்போது வாய்க்கால்ல தண்ணி வடிஞ்சதும் மேல ஏடு ஏடா காஞ்சு சுருண்டு கிடக்கும் பாருங்க, அத எடுத்து ஊற வச்சு துணியில வடிகட்டிக்கங்க, அதுல மணல் இருக்காது. சூளையில குடுக்கற அன்னைக்கு சுடறவர்கிட்ட ஓரத்துல வைக்கச் சொல்லுங்க, நடுத் தீயில வேணாம். பாப்பாவுக்கு லீவு விட்டதும் ஒரு நாள் பட்டறைக்கு கூட்டிட்டு வாங்க, ஊத்துற அன்னைக்கு வந்தா துத்தநாகச் சுடர நேர்லயே காட்டறேன், தள்ளி நின்னுதான் பாக்கணும்.